இடமிருந்து வலம்... மேலிருந்து கீழ்...



"இந்த வருட மலருக்கு ஏதாவது எழுதித் தாங்களேன்" என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது, "எனக்கு எழுத வராதுப்பா, கட்டம் நிரப்பத்தான் வரும்" என்றேன். "அப்ப அதையே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். வழக்கமாக இந்தப் பக்கங்களில் காதல் கவிதை வரும், தொழிற்சுற்றுலா அனுபவம் வரும், 'நட்பு என்றால் என்ன?' என்று ஒரு கட்டுரை வரும். அவற்றுக்கு நடுவில் நான் குறுக்கெழுத்துப் புதிர் பற்றி எழுத வந்திருக்கிறேன். தயவு செய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதில் ஓர் உடைந்த ஹாக்ஸா பிளேடும், ஒரு பெரியவரும், என் அப்பாவும் வருகிறார்கள்.

உடைந்த பிளேடு

முதலாம் ஆண்டு, ஃபிட்டிங் ஷாப். எம்.எஸ். பிளேட்டில் 'வி' வெட்ட வேண்டும். பக்கத்து வைஸில் நிற்பவன் முடித்துவிட்டான் என்ற வேகத்தில் நான் இழுத்த இழுப்பில், 'டப்'பென்று பிளேடு இரண்டாகப் போனது. அன்றைக்கு அது எனக்கு இரண்டாவது பிளேடு. இன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் பேசவில்லை. ஸ்டோர் பக்கம் கையை மட்டும் காட்டினார்.

நம் ஒர்க் ஷாப் ஸ்டோரைத் தெரியாதவர்கள் யாரும் இருக்க முடியாது. கம்பிவலை போட்ட ஜன்னல். அதற்கு அந்தப் பக்கம், மூக்குக் கண்ணாடியின் ஒரு காதை நூல் போட்டுக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எங்கள் 'ஸ்டோர் ஐயா'. டோக்கன் கொடுத்தால் டூல் கொடுப்பார். டோக்கனைத் தொலைத்தால் பார்வையாலேயே நம்மைத் தொலைத்துவிடுவார்.

"என்னடே, ரெண்டாவது பிளேடா? ஃபைன் கட்டுதியா, இல்ல நான் கேக்கதுக்குப் பதில் சொல்லுதியா?"

என் பாக்கெட்டில் இருந்தது ஊருக்குப் போகிற பஸ் காசு மட்டும். "கேளுங்கய்யா" என்றேன்.

"மரம் பம்பரமாவதற்குள் அறுப்பது. நாலு எழுத்து."

"உளி."

"உளி ரெண்டு எழுத்து. அது செதுக்கும், அறுக்காது."

"கத்தி."

"மூணு. உனக்கு அறுக்கத்தான் தெரியலன்னு பாத்தா, எண்ணவும் தெரியலியே!"

பின்னால் டோக்கனோடு நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஐயா ஒரு பழைய இன்டென்ட் தாளின் பின்பக்கத்தில் அந்த வரியை எழுதி, கம்பிவலைக்கு அடியில் நீட்டினார். "மரத்த நெனைக்காத. பம்பரத்தையும் நெனைக்காத. எழுதியிருக்கதப் பாரு" என்றார்.

பார்த்தேன். மரம் பம்பரம்... ம, ர, ம், ப, ம், ப... திடீரென்று கண்ணில் பட்டது! முதல் 'ம'வை விட்டுவிட்டு நான்கு எழுத்து எடுத்தால்: ர, ம், ப, ம். ரம்பம்!

"'மரம் பம்பரமாவதற்குள்'னா, ஆகுறதுக்கு முன்னாடின்னு நீ படிச்ச. அது மேலுக்கு. 'உள்'ளுன்னா உள்ளேன்னு இன்னொரு அர்த்தம் இருக்கா இல்லியா? அந்த வார்த்தைக்குள்ளேயே ரம்பம் ஒளிஞ்சு கெடக்கு. 'அறுப்பது' அதோட அர்த்தம். நான் ஒரு பொய்யும் சொல்லல. இந்தா பிளேடு. இத ஒடச்சா ஃபைன்தான்."

அந்த பிளேடு ஒரு மாதம் உடையாமல் வந்தது!

'டி' ஏன் சத்தம் போடவில்லை?

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். இங்கிலீஷ் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். முதல் செமஸ்டரில் மேத்ஸ் பாஸ், பிசிக்ஸ் பாஸ், இங்கிலீஷ் அரியர். 'இங்கிலீஷ்லயா அரியர்?' என்று கேட்டவர்களிடமெல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தப்பித்தேன்.

ஸ்டோர் ஐயாவோ மத்தியான இடைவேளையில் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு 'தி இந்து' ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்தை விரிப்பார். அது ஆபீஸுக்கு வந்த முந்தாநாள் பேப்பர். டூல்களுக்கு ஆயில் தடவிச் சுற்றி வைப்பதற்காக ஸ்டோருக்கு வரும். ஐயா கட்டத்தை நிரப்பிய பிறகுதான் அந்தத் தாள் டிரில் பிட்டைச் சுற்றப் போகும். 15 வரிசை, 15 பத்தி, ஆக 225 கட்டம். "இதத் தலகீழாத் திருப்பிப் பாரு. கறுப்புக் கட்டமெல்லாம் அதே எடத்துல இருக்கும்" என்று ஒருநாள் காட்டினார். உண்மைதான். டிராயிங் ஷீட்டில் சிமெட்ரி போடுகிற நமக்கே அது வியப்பாக இருக்கும்.

"ஐயா, நீங்க டிகிரியா?" என்று கேட்டேன்.

"எஸ்.எஸ்.எல்.சி. அதுவும் ரெண்டாவது தடவ" என்றார்.

அன்று எனக்காக ஆங்கிலத்தில் அவரே ஒன்று போட்டுக் கொடுத்தார். "கொயட்! லிசன் கேர்லெஸ்லி. ஆறு எழுத்து." அமைதி, கவனமில்லாமல் கேள் என்று மேலுக்கு அர்த்தம். நான் அரைமணி நேரம் விழித்தேன். ஐயா 'லிசன்' என்ற சொல்லை மட்டும் தனித்தனி எழுத்தாக எழுதச் சொன்னார். எல், ஐ, எஸ், டி, இ, என். "கேர்லெஸ்னா கவனமில்லாம. கவனமில்லாத கையில குடுத்தா எழுத்தெல்லாம் என்ன ஆகும்? கலைஞ்சு போகும். கலைச்சுப் போடு." கலைத்தேன். எஸ், ஐ, எல், இ, என், டி. சைலண்ட்! 'கொயட்' என்பதற்கு அதுதானே பொருள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஐயா, லிசன்ல இந்த 'டி' ஏன் சத்தமே போட மாட்டேங்குது?"

"அதான் சைலண்டா இருக்கே!" என்று சொல்லிவிட்டு, நூல் கட்டிய கண்ணாடி ஆட ஆடச் சிரித்தார். இங்கிலீஷைப் பார்த்து நான் முதல்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஐயாவின் நோட்டிலிருந்து சில வித்தைகள்

ஸ்டாக் ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கங்களில் ஐயா தமிழிலேயே குறிப்புகள் போட்டு வைத்திருக்கிறார். அவர் அனுமதியோடு சிலவற்றைத் தருகிறேன். தமிழில் கணக்கு எளிது. ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம், புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கும் ஒரு கட்டம். விடையைப் படிக்கும் முன் கையால் மறைத்துக்கொண்டு முயன்று பாருங்கள்.

ஒட்டு வேலை: 'மலரோடு தூண் சேர, தரை நடுங்கும் (5)'. மலர் என்றால் பூ. தூண் என்றால் கம்பம். இரண்டையும் ஒட்டினால் பூகம்பம். வெல்டிங் மாதிரிதான், இரண்டு துண்டு ஒரு துண்டாகிவிடும்.

இரட்டைப் பொருள்: 'வாரத்தில் ஒரு நாள், வானத்தில் பல நாள் (4)'. விடை திங்கள். கிழமையும் அதுவே, நிலவும் அதுவே. நம் ஊர்ச் சிலேடைதான் இது.

உள்ளே வைத்தல்: 'கதைக்குள் பாதி விடை வைத்தால் பாரதி எழுதியது (3)'. 'விடை' என்ற சொல்லில் பாதி 'வி'. அதைக் 'கதை'யின் நடுவில் செருகுங்கள். க-வி-தை!

கலைத்தல்: 'மண்ணின் முதலும் தகரமும் உருகிக் கலந்தால் பச்சைக்கல் (5)'. ஃபவுண்டரி வேலை மாதிரி இருக்கிறதல்லவா? 'மண்' என்பதன் முதல் எழுத்து 'ம'. அதோடு 'தகரம்' என்ற நான்கு எழுத்தையும் போட்டு உருக்கி, வேறு அச்சில் ஊற்றினால் மரகதம்.

திருப்புதல்: 'திரும்ப வாசி, கடவுளைக் கூப்பிடு (2)'. என் அரியர் பேப்பருக்காகவே போட்டதாம்! மறுபடியும் படி, சாமியைக் கும்பிடு என்று மேலுக்கு ஒரு புத்திமதி. ஆனால் 'வாசி' என்ற சொல்லையே வலமிருந்து இடமாகத் திருப்பினால் 'சிவா!'. கூப்பிட்டாயிற்று.

இவ்வளவுதான் அடிப்படை. ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு துண்டு உண்டு. ஒன்று விடையின் நேரடிப் பொருள். அது வரியின் தொடக்கத்தில் இருக்கும், அல்லது முடிவில் இருக்கும், நடுவில் இருக்காது. இன்னொன்று அந்த விடையை எழுத்தெழுத்தாகச் செய்கிற வழி. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே விழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆகவே விடை வந்ததும் இரண்டு பக்கமும் சரிபார்க்கலாம். வெர்னியரில் அளந்ததை மைக்ரோமீட்டரிலும் அளப்பது போல!

சீமைச் சரக்கா, நம்ம சரக்கா?

ஐயா தூண்டிவிட்டதில் நூலகத்திலும் தேடிப் படித்தேன். முதல் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வந்தது. போட்டவர் ஆர்தர் வின். இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்கா போனவர். வைர வடிவத்தில் இருந்த அந்தக் கட்டத்தில் தந்திரமெல்லாம் கிடையாது, நேரடிக் கேள்வி பதில்தான். அதை மறைபொருள் ஆட்டமாக மாற்றியவர்கள் ஆங்கிலேயர்கள். 1926 முதல் லண்டன் 'அப்சர்வர்' இதழில் எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ் என்பவர், நேரடிக் கேள்வியே இல்லாத புதிர்களாகப் போட்டார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'டார்கமாடா'. ஸ்பெயின் நாட்டில் மத விசாரணை என்ற பெயரில் ஆட்களைச் சித்திரவதை செய்த அதிகாரியின் பெயர் அது! வாசகர்களை என்ன பாடு படுத்தியிருப்பார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பின் அதே இதழில் வந்தவர் 'சிமினீஸ்' என்ற புனைபெயர் கொண்ட மக்நட், ஒரு பள்ளி ஆசிரியர். அவர்தான் 1966-இல் ஒரு புத்தகமே எழுதி, இந்த ஆட்டத்துக்கு நியாயம் எது, அநியாயம் எது என்று வரையறுத்தார். சுருக்கமாகச் சொன்னால், புதிர் போடுபவர் வாசகனைத் திசைதிருப்பலாம், ஆனால் ஏமாற்றக்கூடாது. எழுதிய ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். வேண்டாத சொல் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில், 1942 ஜனவரியில், லண்டன் 'டெய்லி டெலிகிராப்' பத்திரிகை ஒரு போட்டி வைத்தது. 12 நிமிடத்துக்குள் குறுக்கெழுத்தை முடிக்க வேண்டும். கலந்துகொண்டவர்களில் சிலருக்குப் பிறகு அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஜெர்மானியரின் ரகசியச் சங்கேதங்களை உடைத்த பிளெட்ச்லி பார்க். 'கட்டம் போட்டுப் பொழுதை வீணாக்குகிறான்' என்று ஹாஸ்டல் அறையில் என்னைத் திட்டுகிற நண்பர்கள் இதைக் கவனிக்கவும்!

இதையெல்லாம் நான் ஐயாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்டார்: "தண்டியலங்காரம் படிச்சிருக்கியாடே?"

அங்கேயும் தேடினேன். சொல்லணி பற்றிச் சொல்லுமிடத்தில் ஒரு பட்டியலே இருக்கிறது. எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் புதுச் சொல் செய்வது எழுத்து வருத்தனம். எழுத்தை ஒவ்வொன்றாகக் குறைத்துப் புதுச் சொல் செய்வது அக்கரச்சுதகம். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருவது மாலைமாற்று. சம்பந்தர் அந்த வகையிலேயே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். கட்டம்தான் சீமையிலிருந்து வந்தது, நண்பர்களே. உள்ளே இருக்கிற வித்தை நம் வீட்டுப் பரணில் எப்போதோ இருந்திருக்கிறது!

முதல் இழந்த கடன்

இனிச் சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்பாவிடம் கேட்டேன். "நடந்ததத்தான எழுதப் போற, எழுது" என்றார்.

அப்பாவுக்கு எங்கள் ஊர் முக்கில் கிரில் பட்டறை. ஜன்னல் கிரில், கேட், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்வார். சனிக்கிழமை மாலை நான் ஊருக்குப் போய்விடுவேன். ஞாயிறு முழுக்கப் பட்டறையில் கம்பி பிடிப்பேன், அரம் போடுவேன், பெயிண்ட் அடிப்பேன். ஒரு வாரம் போகாவிட்டால் "பெரிய இன்ஜினியர் ஆயிட்டாரு தொர" என்று போனில் குத்துவார்.

நான்காவது செமஸ்டரில் ஒரு சனிக்கிழமை அப்பாவே போன் செய்தார். "தம்பி, பட்டறையில வேலை சாஸ்தி. இந்த வாரம் நீ வராண்டாம். அங்கயே இருந்து படி." சந்தோஷம்தான் எனக்கு. நண்பர்களோடு சினிமாவுக்குப் போனேன். அடுத்த வாரமும் அதே வார்த்தை. அதற்கடுத்த வாரமும் அதேதான். இப்படியே நான்கு வாரம் ஓடியது.

ஐந்தாவது வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம். ஸ்டோரில் ஐயா ஒரு துண்டுத் தாளை நீட்டினார்.

'முதல் இழந்த கடன் பெரும் பாரம் (2).'

அதற்குள் நான் கொஞ்சம் தேறியிருந்தேன். பார்த்த மாத்திரத்தில் விடை வந்துவிட்டது. 'கடன்' என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் 'டன்'. ஆயிரம் கிலோ பெரும் பாரம்தானே? "டன்னுய்யா" என்று சொல்லிப் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

முதல் இழந்த கடன்... மேலுக்கு இருந்த அர்த்தம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒருவர், பெயர் வேண்டாம், பெரிய மண்டபம் ஒன்றுக்கு மொத்த கிரில் வேலையையும் அப்பாவிடம் கொடுத்திருந்தார். அப்பா கடன் வாங்கி இரும்பு இறக்கினார். வேலை முடிந்தது. பணம் வந்ததா என்று நான் கேட்கவே இல்லை.

ஐயா எப்போதும் ஒன்று சொல்வார். "ஒரு வரி மேலுக்கு ரொம்ப அழகா ஓடும். ஆனா எங்கியோ ஒரு எடத்துல லேசா இடிக்கும். அந்த எடத்துல நில்லு." நின்றேன். பட்டறையில் வேலை அதிகம், அதனால் நீ வர வேண்டாம். இது எப்படிப் பொருந்தும்? வேலை அதிகம் என்றால் என்னை வரச்சொல்லத்தானே செய்வார்? கம்பி பிடிக்க ஆள் வேண்டாமா?

அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். ஊர் முக்கில் இறங்கினேன். பட்டறை ஷட்டர் இறக்கியிருந்தது. அதில் சாக்பீஸால் 'கடை வாடகைக்கு விடப்படும்' என்று எழுதியிருந்தது. அந்த ஷட்டர் அப்பா தன் கையாலேயே செய்தது.

வீட்டில் அம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெல்டிங் மெஷினையும் கட்டிங் மெஷினையும் விற்றுக் கடனில் பாதியை அடைத்தாயிற்றாம். அப்பா பைபாஸ் ரோட்டில் வேறொருவர் பட்டறையில் தினக்கூலிக்குப் போகிறாராம். ராத்திரி பத்து மணிக்கு வந்தார். கண் சிவந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. பகல் முழுக்க வெல்டிங் வெளிச்சம் பார்த்த கண்.

"எதுக்குப்பா பொய் சொன்னீங்க?" என்று கத்தினேன்.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நான் எங்கலே பொய் சொன்னேன்? பட்டறையில வேலை சாஸ்தின்னேன். சாஸ்திதான். யாரு பட்டறைன்னு நீ கேக்கலியே."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சொல்லுக்குக்கூடப் பொய் என்று கோடு போட முடியாது. என்னைத் திசைதிருப்பியிருக்கிறார், அவ்வளவுதான். சிமினீஸ் பெயரைக்கூட என் அப்பா கேள்விப்பட்டதில்லை.

"நான் படிப்ப நிறுத்திட்டு வேலைக்கு வாரேன்" என்றேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்த செமஸ்டருக்கு நான் கட்டிய ஃபீஸ் ரசீது. "இது கட்டிங் மெஷின்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

செயின் பிளாக்

திங்கட்கிழமை ஸ்டோருக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஐயா ஆறுதல் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வெள்ளிக்கிழமைத் துண்டுத் தாளைத் தேடி எடுத்து நீட்டினார். "வெடையத் தெரிஞ்சிக்கிட்டு எழுதாமப் போயிட்ட. கட்டத்தக் காலியா விடக்கூடாது. எழுது."

எழுதினேன். ட. ன்.

"ஒரு டன்ன ஒரு ஆளு கையால தூக்க முடியுமா?"

"முடியாதுங்கய்யா."

"அந்தா தொங்குது பாரு, செயின் பிளாக். அத வச்சு?"

"ஒரே ஆள் தூக்கலாம்."

"எப்படி?"

மெக்கானிக்ஸ் பாடத்தில் படித்ததுதான். "பத்தடி சங்கிலி இழுத்தா கொஞ்சூண்டுதான் ஏறும். ஆனா ஏறும்."

"அம்புட்டுதான்" என்று சொல்லிவிட்டு ஐயா அடுத்த பையனிடம் டோக்கன் வாங்கத் திரும்பிவிட்டார்.

அன்றிலிருந்து மறுபடியும் சனிக்கிழமை பஸ். ஞாயிறுகளில் பைபாஸ் ரோட்டுப் பட்டறையில் அப்பாவும் நானும் சேர்ந்தே வேலை செய்கிறோம். எனக்கும் அரைக்கூலி உண்டு, டீயும் வடையும் தனி. கடன் இன்னும் மிச்சம் இருக்கிறது. சங்கிலியை இழுத்துக்கொண்டிருக்கிறோம். இங்கிலீஷ் அரியர் மூன்றாவது முயற்சியில் கிளியர் ஆனது. கேள்வித்தாளைப் பார்த்துப் பயப்படாமல், எழுதியிருப்பதை மட்டும் பார்த்தேன். எல்லாம் திரும்ப வாசித்ததன் பலன், சிவா!

குறுக்கெழுத்து எனக்குப் பணம் தரவில்லை, வேலையும் வாங்கித் தரவில்லை. ஒரே ஒரு பழக்கத்தைத் தந்தது. யார் என்ன சொன்னாலும் அதை இரண்டு முறை கேட்கிறேன். மேலுக்கு ஒன்று இருக்கும், உள்ளுக்கு ஒன்று இருக்கும். நம்மை ஏமாற்றுவதற்காக அப்படிப் பேசுகிறவர்களும் உண்டு. நமக்கு வலிக்கக்கூடாது என்பதற்காகவே அப்படிப் பேசுகிறவர்களும் உண்டு. "நான் நல்லாருக்கேன், நீ படிப்பப் பாரு" என்று இந்த வாரம் உங்கள் வீட்டிலிருந்தும் போன் வந்திருக்கும். லேசாக எங்கேயாவது இடிக்கிறதா என்று பாருங்கள் நண்பர்களே. இடித்தால், பஸ் ஏறிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்டோர் ஐயா இந்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். அவருக்காக நானே முதல்முதலாக ஒரு குறிப்புப் போட்டுக் கொண்டுபோனேன். 'பன்றிக்குத் தலை மாற்றினால் நாயிடம் இருப்பது (3)' என்று எழுதியிருந்தேன். படித்ததும் விடை தெரிந்துவிட்டது அவருக்கு. ஆனாலும் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"எந்தத் தலைய வைக்கணும்னு சொல்லலியே? படிக்கிறவனப் பாதி வழியில விட்டுட்டு ஓடக்கூடாது. இது நியாயமில்ல. மாத்திக் கொண்டா."

மாற்றிக் கொண்டுபோனேன். ஐயா படித்துப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி, நூலைச் சரிசெய்வது போல ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது சரி" என்றார். இதோ, உங்களுக்கும்:

'பன்றிக்கு நட்பின் தலை வைத்தால் நாயிடம் இருப்பது (3).'

இதற்கு மட்டும் நான் விடை எழுதப் போவதில்லை. மூன்றே எழுத்து. ஸ்டோர் ஐயாவுக்கு நான் சொல்ல வேண்டியதும் அதுதான்.

- மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்